விளம்பர முகவரும் வருகைக் கணக்கும்

விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கும் வணிகர் கேட்கும் கேள்வி மிகப் பழையது. எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள் என்பதே அக்கேள்வி. இன்று மாதம் முடிந்ததும் விளம்பர முகவர் தம் வாடிக்கையாளருக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறார். வாடிக்கையாளரின் இணையத்தளத்துக்கு வந்தவர் எத்தனை பேர், எவ்வழியாக வந்தனர், எவ்வளவு நேரம் தங்கினர், வந்தவருள் பொருள் வாங்கியவர் எத்தனை பேர் என்றெல்லாம் அதில் எண்கள் நிரல்பட நிற்கும். இவ்வறிக்கையின் மூதாதையரைத் தேடிச் சென்றால் ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போகவேண்டும். இடையில் கருவிகள் பல மாறின. ஆனால் கணக்கை எழுதுபவர் யார், அதைச் சரிபார்ப்பவர் யார் என்ற வழக்கு மட்டும் இன்றுவரை தீரவில்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1840களின் தொடக்கத்தில் வொல்னி பால்மர் என்பவர் விளம்பர முகவராகத் தொழில் தொடங்கினார். அந்நாட்டின் முதல் விளம்பர முகவர் என்று அவரையே குறிப்பிடுவர். வணிகரிடம் விளம்பரம் பெற்றுப் பத்திரிகைகளுக்குக் கொடுப்பது அவர் வேலை. தரகுப் பணம் பத்திரிகைகளிடமிருந்தே கிடைத்தது. பத்திரிகை எத்தனை பிரதி விற்கிறது என்பதோ வெளியே தெரியாத இரகசியம். பத்திரிகை அதிபர் சொன்னதே கணக்கு. இரண்டாயிரம் விற்பவர் ஐயாயிரம் என்றால் மறுத்துச் சொல்ல எவரிடமும் சான்று இல்லை. முகவருக்கு ஓரளவு உண்மை தெரிந்திருக்கும். ஆயினும் அந்த அறிவே அவருடைய முதலாக இருந்தபடியால் அதை வெளியே சொல்லும் ஆசை அவருக்கு எழவில்லை.

அந்த இரகசியத்தை உடைத்தவர் ஜோர்ஜ் ரோவெல் என்னும் மற்றொரு முகவர். 1869இல் அவர் அமெரிக்கப் பத்திரிகைகளின் விபரக்கொத்து ஒன்றை அச்சிட்டு, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பத்திரிகைகளைப் பட்டியலிட்டு, அவை எவ்வளவு விற்பனையாகின்றன என்ற தம் மதிப்பீட்டையும் சேர்த்து வெளியிட்டார். தம் எண் குறைத்து மதிக்கப்பட்டதாகப் பத்திரிகை அதிபர் பலர் சீறினர். அதே நூலில் பணங்கொடுத்து விளம்பரம் போட்ட பத்திரிகைகளுக்குச் சலுகை காட்டப்பட்டது என்று குற்றஞ் சாட்டியோரும் உளர். கணக்கெழுதுபவருக்கு அக்கணக்கிலேயே வருமானமும் இருந்தால் ஐயம் எழுவது இயல்புதானே.

அதே 1869ஆம் ஆண்டில் இருபத்தொரு வயது நிரம்பிய பிரான்சிஸ் வேலண்ட் அயர், தந்தையாரின் பெயரால் பிலடெல்பியாவில் ஒரு முகவர் தாபனத்தைத் தொடங்கினார். கைமுதல் 250 டொலர். சில ஆண்டுகள் மற்ற முகவர்களைப் போலவே நடந்தபின், 1870களின் நடுப்பகுதியில் அவர் புதியதொரு முறையைக் கொண்டுவந்தார். பத்திரிகை வாங்கிய உண்மையான விலையை வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டு, அதன்மேல் ஒப்புக்கொண்ட வீதப்படி மட்டும் தரகு பெறும் முறை அது. யாருக்காக உழைக்கிறோம் என்ற கேள்விக்கு முகவர் கொடுத்த முதல் தெளிவான விடை இது என்று கொள்ளலாம். விலை இவ்வாறு வெளிப்பட்டது. விற்பனை எண்ணிக்கை வெளிப்பட மேலும் நாற்பது ஆண்டுகள் சென்றன. 1914இல் விளம்பரதாரர், முகவர், பத்திரிகை அதிபர் ஆகிய முத்திறத்தாரும் ஒன்றுகூடிப் பத்திரிகை விற்பனைத் தணிக்கைச் சபையை அமைத்தனர். அதன் கணக்காய்வாளர் பத்திரிகை அலுவலகத்துக்கே சென்று சந்தாப் பதிவுகளையும் வரவு செலவு ஏடுகளையும் புரட்டிப் பார்த்தனர். வாங்குபவரும் விற்பவரும் ஒரே தராசின் முன் நின்றது அப்பொழுதுதான்.

வானொலி வந்தபோது தராசு மீண்டும் தடுமாறியது. ஒலி காற்றில் கரைவது. எண்ணிப் பார்க்கப் பிரதி எதுவும் இல்லை. 1930இல் ஆர்ச்சிபால்ட் குரொஸ்லி, வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்து முதல்நாள் என்ன கேட்டீர்கள் என்று வினவும் முறையைத் தொடங்கினார். தொலைபேசி இல்லாத ஏழைகளின் செவி அக்கணக்கில் சேரவில்லை. பின்னர் ஆர்தர் நீல்சனின் நிறுவனம் வானொலிப் பெட்டியுடன் இணைத்துவைக்கும் பதிகருவி ஒன்றைப் பயன்படுத்தி, 1942இல் நாடளாவிய சேவையைத் தொடக்கியது. எந்த நேரத்தில் எந்த நிலையம் திருப்பப்பட்டிருந்தது என்பதை அக்கருவி தவறாமல் குறித்தது. ஆனால் பெட்டி பாடிக்கொண்டிருக்க வீட்டார் கிணற்றடியில் நின்றாலும் அதுவும் கேட்டதாகவே கணக்கில் ஏறும்.

இவ்விடத்தில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையை மறத்தல் தகாது. அச்சேவை 1950இல் தொடங்கியது. அதில் 1952 முதல் அமீன் சயானி வழங்கிய பினாக்கா கீத்மாலா என்ற இந்தி நிகழ்ச்சி பற்பசை விளம்பரத்துக்காக நடத்தப்பட்டது. இந்தியாவில் கேட்போர் எத்தனை பேர் என்று கொழும்பிலிருந்து எண்ணுவது எப்படி? தபாற்காரனே விடை கொண்டுவந்தான். முதல் நிகழ்ச்சிக்கே சுமார் 9,000 கடிதங்கள் வந்தன என்று சயானி பின்னாளில் கூறியிருக்கிறார். கடிதக் கட்டுத்தான் அக்காலத்தில் விளம்பரதாரரின் முன் வைக்கப்பட்ட அறிக்கை. எழுதத் தெரியாத இரசிகரை அது விட்டுவிட்டது உண்மை. ஆனால் இல்லாத இரசிகரை அது எளிதில் படைத்துவிடவில்லை.

இணையம் விளம்பரக் களமானது 1994இல். அவ்வாண்டு ஒக்ரோபரில் ஹொட்வயர்ட் என்ற இணைய சஞ்சிகை முதன்முறையாகப் பட்டை விளம்பரங்களை வெளியிட்டது. இம்முறை எண்ணும் வேலை சுலபம் என்று பலர் கருதினர். இணையத்தளத்தைத் தாங்கி நிற்கும் கணினி, தன்னிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கோப்பையும், கேட்ட கணினியின் முகவரியையும் நேரத்தையும் சேர்த்து வரிவரியாகப் பதிந்துகொள்ளும். அப்பதிவேட்டிலிருந்து எழுந்ததே ஹிட் என்ற அளவு. ஆனால் ஒரு பக்கத்தில் ஒன்பது படங்கள் இருந்தால், ஒருவர் ஒருமுறை அதைத் திறந்தாலே எழுத்துக்கு ஒன்றும் படங்களுக்கு ஒன்பதுமாகப் பத்து வரிகள் ஏடேறும். ஓர் இலட்சம் ஹிட் என்று முகவர் பெருமையுடன் அறிக்கை எழுதினால், உண்மையில் திறக்கப்பட்டவை பதினாயிரம் பக்கங்களாகவே இருக்கலாம். படங்களைக் கூட்டினால் வருகையும் கூடும்! தேடுபொறிகள் அனுப்பும் இயந்திரங்கள் உலாவிச் சென்றாலும் அவையும் விருந்தினராக எண்ணப்பட்டன. மறுபுறம், ஒரே வாயிலால் வெளிச்செல்லும் பல்கலைக்கழகமொன்றின் நூறு மாணவர் ஒருவராகத் தோன்றியதும் உண்டு.

இக்குறைகளை நீக்க இரு உபாயங்கள் வந்தன. வருகையாளரின் கணினியில் குக்கி என்னும் சிறு அடையாளக் குறிப்பை இட்டுவைப்பது ஒன்று. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி அதை 1994இல் வகுத்தார். பக்கத்திலேயே ஒரு சிறு நிரலைப் பொருத்தி, பக்கம் திறக்கப்படுந்தோறும் எண்ணும் நிலையத்துக்குச் செய்தி அனுப்பச் செய்வது மற்றொன்று. அப்பொழுதும் எண்ணப்பட்டது மனிதர் அன்று. வீட்டில் ஒரு கணினியும் அலுவலகத்தில் ஒரு கணினியும் உடையவர் இருவராவார். குக்கியை அழித்தவர் மறுநாள் புதியவராவார். அறிக்கையில் தனி வருகையாளர் என்ற சொல்லைப் படிக்கும் வாடிக்கையாளருக்கு இதை எடுத்துச் சொன்ன முகவர்களும் உண்டு. சொல்லாது விட்டவர்களும் உண்டு.

2005ஆம் ஆண்டு கூகிள் நிறுவனம் ஏர்ச்சின் என்ற கணிப்பீட்டுத் தாபனத்தை வாங்கி, நவம்பரில் கூகிள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் அதன் சேவையை இலவசமாக்கியது. விண்ணப்பங்கள் வெள்ளமாய் வந்தபடியால் புதியவர்களைச் சேர்ப்பதைச் சிறிது காலம் நிறுத்தவேண்டியதாயிற்று. விளம்பர முகவர்களின் வாழ்வில் இது பெரிய திருப்பம். அதுவரை எண் முகவரின் பெட்டியில் இருந்தது. இப்பொழுது பெட்டியின் திறவுகோல் வாடிக்கையாளரின் கையிலும் வந்தது. அயர் விலையைத் திறந்து காட்டியது தம் விருப்பத்தால். இம்முறை திறப்பு வெளியிலிருந்து வந்தது. எண்ணைக் கொடுப்பதற்கு முகவர் தேவையில்லை என்றானபின், எண்ணுக்குப் பொருள் சொல்வதே அவர் தொழிலாயிற்று. அங்கேயும் சபலத்துக்கு இடம் இருந்தது. ஒருவர் முதலில் நண்பர் சொல்லக் கேட்டு, பின்பு கடைப் பெயரைத் தேடி, கடைசியில் ஒரு விளம்பரத்தைத் தொட்டு உள்ளே வந்து பொருள் வாங்கினால், கடைசி வாயிலுக்கே முழுப் புகழையும் எழுதுவது வழக்கமாக இருந்தது. அவ்வாயிலைக் காத்து நின்றவர் பெரும்பாலும் அறிக்கை எழுதும் முகவரே.

விளம்பரத்தை விற்பவரே அதன் அளவையும் சொல்வதால் விளையும் கேடு 2016இல் பலரறிய வெளிப்பட்டது. பேஸ்புக் நிறுவனம் தன் காணொளிகளை மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தனர் என்று விளம்பரதாரருக்குச் சொன்ன கணக்கு, இரண்டு ஆண்டுகளாக மிகைப்பட்டிருந்ததாக அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. வகுத்தற் கணக்குத் தெரிந்த சிறுவனும் அப்பிழையை உணர்வான். பத்துப் பேர் ஒரு காணொளியை மொத்தம் நூறு விநாடி பார்த்தனர் என்று வைத்துக்கொண்டால் சராசரி பத்து விநாடி. அவர்களுள் மூன்று விநாடி ஆகுமுன்னரே விலகிய அறுவரை வகுக்கும் எண்ணிலிருந்து நீக்கி, நூறை நான்கால் வகுத்தால் சராசரி இருபத்தைந்து ஆகிவிடும். விளம்பரதாரர் தொடுத்த வழக்கு, 2019இல் நான்கு கோடி டொலர் கொடுக்கும் இணக்கத்தில் முடிந்தது. குற்றத்தை நிறுவனம் ஏற்கவில்லை.

பின்னர் அளவுகோலே மாற்றப்பட்ட காலமும் வந்தது. 2023 யூலை முதலாந் திகதி, கூகிள் தன் பழைய கணிப்பீட்டு முறையில் புதிய விபரம் சேர்ப்பதை நிறுத்தி, வேறு அடிப்படையில் எண்ணும் புதிய முறைக்கு அனைவரையும் மாறச்செய்தது. பழையது வருகையை அலகாகக் கொண்டது. புதியது வருகையாளரின் ஒவ்வொரு செயலையும் அலகாகக் கொண்டது. ஆகவே ஒரே தளத்தின் ஒரே மாத எண்களும் இரு முறையிலும் ஒத்துவரவில்லை. வியாபாரம் குறைந்துவிட்டதோ என்று அஞ்சிய வாடிக்கையாளருக்கு, குறைந்தது வியாபாரம் அன்று, மாறியது முழக்கோல் என்று முகவர்கள் விளக்கவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு யூலையில் பழைய ஏடுகளைப் பார்க்கும் வாயிலும் மூடப்பட்டது. முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்த முகவர், வாடிக்கையாளரின் சென்ற ஆண்டுகளின் கணக்கைக் காட்ட முடிந்தது. எடுத்து வைக்காதவர் தம் பழைய மாத அறிக்கைகளையே சான்றாக நீட்டவேண்டியதாயிற்று.