ஆறு மாதக் கணக்கு

1821-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் கேள்வி ஒன்றுதான்: ஆறு மாதம் என்றால் எந்த ஆறு மாதம்? வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை ஆறு மாதம் அங்கே தங்கிவிட்டால் விடுதலை என்பது அந்த மாநிலத்தின் 1780-ஆம் ஆண்டுச் சட்டம். மேரிலாந்திலிருந்து எஜமானியோடு பலமுறை எல்லை தாண்டி வந்து தங்கிய சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண், அந்த நாட்களையெல்லாம் சேர்த்துக் கணக்கிடக் கேட்டார். விட்டுவிட்டுத் தங்கிய நாட்களைக் கூட்டக் கூடாது, ஆறு மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று வாதாடி வென்றார் உரிமையாளரின் வழக்கறிஞர். சாரிட்டியும் அவர் பிள்ளைகளும் அடிமைத்தனத்துக்கே திரும்பினார்கள். அந்த வழக்கறிஞரின் பெயர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அடிமை முறையின் மிகக் கடுமையான எதிரி.

இந்த வழக்குக்கு மன்னிப்புத் தேட வேண்டியதில்லை, அது கொடுமை. ஆனால் ஸ்டீவன்ஸின் பிற்கால வாழ்வைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் எனக்குத் தெரியவில்லை. சட்டத்தில் ஒரு சொல் தளர்வாக இருந்தால், அந்த இடைவெளியில் ஒரு குடும்பமே விழுந்துபோகும் என்பதை அவர் தன் திறமையாலேயே நிரூபித்திருந்தார். பின்னாளில் அவர் செய்ததெல்லாம் சட்டத்தின் வாசகத்தோடு போராடியதுதான். பள்ளிச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வெர்மான்ட்டில் 1792-இல் வளைந்த பாதத்தோடு பிறந்து, தாயின் உழைப்பால் படித்தவர் அவர். அன்றைய பென்சில்வேனியாவில் ஏழைப் பிள்ளைக்கு இலவசக் கல்வி வேண்டுமென்றால் பெற்றோர் தங்களை ஏழைகள் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். 1834-இல் வந்த பொதுப்பள்ளிச் சட்டம் அதை மாற்றியது. வரி கட்ட மனமில்லாதவர்கள் மறு ஆண்டே அதை ஒழிக்கப் பார்த்தபோது, மாநில அவையில் ஸ்டீவன்ஸ் ஆற்றிய உரை அதைக் காப்பாற்றியது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பள்ளி என்று எழுதிவிட்டால் யாரும் தன் வறுமையைக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டாம் அல்லவா?

அவரைப் பழிவாங்கும் மனிதராகவே காட்டிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூனில், தென்மாநிலப் படை அவருடைய கலிடோனியா இரும்பாலையைக் கொளுத்தியது. அந்தக் கோபத்தில்தான் போருக்குப் பின் தெற்கை நசுக்கப் பார்த்தார் என்பது அவர்கள் வாதம். காலக்கணக்கு இதற்கு இடம் தரவில்லை. ஆலை எரிவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்த மாநில அரசியலமைப்பில் கையெழுத்திட மறுத்தவர் அவர். 1851-இல் கிறிஸ்டியானாவில் தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்க வந்த உரிமையாளர் கொல்லப்பட்டபோது, தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட காஸ்ட்னர் ஹேன்வேயின் தரப்பில் நின்றார்; ஹேன்வே விடுதலையானார். வளைந்து கொடுக்காத வெறியர் என்ற குற்றச்சாட்டும் நிற்காது. போருக்குப் பின் வந்த அமெரிக்க அரசியலமைப்பின் 14-ஆம் திருத்தம் அவர் விரும்பிய அளவுக்குப் போகவில்லை, வாக்குரிமையை நேரடியாகத் தரவில்லை. அந்தக் குறையை 1866 ஜூனில் அவையிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஆதரித்து வாக்களித்தார். நாட்டில் பிறந்தவர் குடிமகன், எல்லோருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பு என்று எழுத்தில் ஏறினால், ஆறு மாதக் கணக்குப் போட இனி யாருக்கும் இடமிருக்காது.

எழுத்து மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு அவரே பதில் வைத்திருந்தார். 1865 செப்டம்பரில் லங்காஸ்டரில் பேசியபோது, தெற்கின் பெருநில உடைமையாளர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற ஆண் ஒவ்வொருவருக்கும் 40 ஏக்கர் கொடுக்கச் சொன்னார். நிலமில்லாதவன் பழைய எஜமானின் வாசலுக்கே கூலிக்குப் போவான் என்று அவருக்குத் தெரியும். நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. அமெரிக்கா அந்தக் காலத்தில் தவறவிட்டவற்றில் இதுவே மிகப் பெரியது என்பேன்.

ஸ்டீவன்ஸ் 1868 ஆகஸ்டில் இறந்தார். லங்காஸ்டரில் மற்ற இடுகாடுகளின் விதிகள் இனம் பார்த்து இடம் ஒதுக்கின. அப்படி எந்த விதியும் இல்லாத ஒரு சிறிய இடுகாட்டைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்த காரணத்தையும் தன் கல்லறைக் கல்லில் பொறிக்கச் செய்தார்.