பீட்டர் ஷே: ஆவணமற்ற குழந்தைகளின் வழக்கறிஞர்

தென்னாப்பிரிக்காவில் பிறந்த பீட்டர் ஷே (1947–2024), அமெரிக்கக் குடியேற்றச் சட்டத் துறையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடியவர். 1980இல் லாஸ் ஏஞ்சலிசில் மனித உரிமைகள் மற்றும் அரசமைப்புச் சட்ட மையத்தை நிறுவினார்.

ஆவணமற்ற குழந்தைகளின் கல்விக்கு நிதி மறுக்கும் சட்டத்தை டெக்சாஸ் மாநிலம் 1975இல் இயற்றியது. அவர்களைச் சேர்க்க மறுக்கவும் பள்ளிகளுக்கு அது இடமளித்தது. உச்ச நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வாதிட்டவர்களுள் ஷேயும் ஒருவர். பிளைலர் எதிர் டோ எனப்படும் அவ்வழக்கில், 1982 ஜூன் 15 அன்று 5–4 என்ற பெரும்பான்மையில் சட்டம் வீழ்ந்தது. அடிமைமுறை ஒழிந்தபின் 1868இல் ஏற்கப்பட்ட 14ஆவது திருத்தம், சமப் பாதுகாப்பைக் குடிமக்களோடு நிறுத்தாமல், ஆட்சி எல்லைக்குள் வாழும் எந்த நபருக்கும் உரியதாக்கியிருந்தது. தீர்ப்பின் அடிப்படை அதுவே. பெற்றோரின் செயலுக்காகப் பிள்ளைகளைத் தண்டிப்பது நீதியன்று என்றும் நீதிமன்றம் கருதியது.

1985இல் தொடுக்கப்பட்ட ஃப்ளோரஸ் வழக்கு 1993இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆயினும் போராட்டம் ஓயவில்லை. தடுப்புக்காவலில் உள்ள சிறாரைத் தேவையற்ற தாமதமின்றி உறவினரிடம் ஒப்படைக்க 1997 உடன்பாட்டில் அரசு இசைந்தது.

இந்திய அரசமைப்பின் 15ஆவது பிரிவு குடிமக்களை மட்டுமே காக்கிறது. 14ஆவது பிரிவோ எந்த நபரையும் காக்கிறது. முகாம்களில் வாழும் குடியுரிமையற்ற இலங்கைத் தமிழருக்காக வாதாடுவோர் ஊன்றி நிற்கத்தக்க இடம் அது.