லால்பாக் பார்க்கப் போகிறவர்களுக்கு



பெங்களூர் போனால் லால்பாக் பார்க்காமல் வருகிறவர்கள் நம்ம தருமபுரிப் பக்கம் குறைவு. கண்ணாடி மாளிகை முன்னால் நின்று, பாறை மேல் ஏறி, கடலை கொறித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அடுத்த தடவை குடியானவன் கண்ணோடு பாருங்கள்.

அந்தத் தோட்டத்துக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 1760-இல் ஐதர் அலி அதைத் தொடங்கினார். மகன் திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்தும் விதையும் செடியும் வரவழைத்தார். பாரமகால் என்ற பேரில் நம்ம சீமையும் அவர்கள் ஆட்சியில் இருந்தது. 1792 உடன்படிக்கையில்தான் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

1856-இல் லால்பாக் அரசுத் தாவரவியல் தோட்டம் ஆயிற்று. இன்று சுமார் 240 ஏக்கர். ராஜாக்கள் உலாவிய இடத்தில், வெளிநாட்டுச் செடிகளை நட்டு, இந்த மண்ணுக்கும் மழைக்கும் தாங்குகிறதா என்று பரீட்சை பார்த்தார்கள்.

அதுக்குச் சாட்சி நம்ம சந்தையிலேயே இருக்கு. சௌசௌவைப் பெங்களூர்க் கத்திரிக்காய்னு சொல்றோமே, ஏன்? அதன் தாயகம் மெக்சிகோ பக்கம். 1874 முதல் 1908 வரை லால்பாக்கை நிர்வகித்த ஜான் கேமரான் அதைக் கொண்டுவந்து அங்கே வளர்த்தார். இன்று நம்ம கூட்டுக்கும் சாம்பாருக்கும் ஆகிறது.

ஆனால், கடல் கடந்து வந்ததெல்லாம் நன்மை செய்துவிடவில்லை. உண்ணிச்செடியைப் பாருங்கள். பூ அழகா இருக்குதேன்னு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டு வந்தார்கள். பழத்தைத் தின்ற பறவைகள் விதையை ஊரெல்லாம் போட்டன. இன்று நம்ம காடுகளில் அது புதராக மண்டின இடத்தில் புல் முளைப்பதில்லை. தழையைத் தின்ற மாட்டுக்கோ ஈரல் கெடுகிறது. ஒரு தோட்டம் வழியாகக் காய் வந்தது. இன்னொரு தோட்டம் வழியாகக் களை வந்தது.

ஆகவே, லால்பாக் போனால் மரத்தில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகையைப் படியுங்கள். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சி நடக்கும். எங்கே நாற்று வாங்கினாலும் மூணு கேள்வி கேளுங்க: தண்ணி எவ்வளவு வேணும்? விதை தானாப் பரவுமா? ஆடு மாடு தின்னா என்ன ஆகும்? பதில் கிடைத்த பிறகு மடியிலிருந்து பணத்தை எடுங்கள். முதலில் வீட்டோரம் ஒரு குழியில் நட்டுப் பாருங்கள். அப்புறம் கொல்லைக்குக் கொண்டு போகலாம். லால்பாக்கில் செய்ததும் அதுதானே?