பெட்டியின் அடியில் கிடக்கும் காகிதம்

தீபாவளி முடிந்தது. முறுக்கு டின்கள் காலியாகிவிட்டன. விருந்தாளிகளுக்கு விரித்த பாய்களையும் சுருட்டி வைத்தாயிற்று. இனி போகிக்குள் வீட்டைச் சுத்தம் செய்து பழையதைக் கழிக்க வேண்டும் என்று தாய்மார்கள் நினைப்பார்கள். ஓட்டை வாளியும் கிழிந்த பாயும் தாராளமாகப் போகட்டும். பாட்டியின் தகரப் பெட்டியை மட்டும் அவசரப்பட்டுக் குப்பையில் கவிழ்த்துவிடாதீர்கள்.

அந்தப் பெட்டியே ஒரு சாட்சி. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களின் உடைமை முழுவதும் பெரும்பாலும் அப்படியொரு பெட்டிக்குள் அடங்கியது. 'ரஜூலா' கப்பலில் வந்த கதையைச் சொல்லாத தாத்தா பாட்டி நம்மில் குறைவு.

காகிதங்கள் சேர்ந்தது பிற்பாடுதான். 1948 ஜூன் 16ஆம் நாள், நம் பேராவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலச் சட்டம் வந்தது. பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் வந்தது. அதுவரை செக்ரோல் புத்தகத்தில் வெறும் பெயராக இருந்தவருக்குப் படமும் கைரேகையும் உள்ள கார்டு கிடைத்தது. எழுதுகிறவர் காதில் விழுந்ததுதான் பெயர், கண்ணால் மதித்ததுதான் வயது. ஒரு தாளில் முனியம்மா, மறு தாளில் மினியம்மா! சிரிப்பாக இருக்கிறது, அந்த ஓரெழுத்துக்காகப் பதிவிலாகாவின் படியேறி இறங்கியவர்களுக்குச் சிரிப்பு வராது.

1957 ஆகஸ்டு 31இல் நாடு சுதந்திரம் பெற்றது. அன்று முதல் இங்கே பிறந்த குழந்தைகள் பிறப்பாலேயே குடிமக்கள் ஆனார்கள். 1962 அக்டோபரில் அந்தச் சட்டமும் மாறியது: பெற்றோரில் ஒருவராவது குடியுரிமையோ நிரந்தரவாச உரிமையோ பெற்றிருக்க வேண்டும். சுதந்திரத்துக்கு முன் பிறந்த நம்மவரில் மிகப் பலர் மனுச் செய்துதான் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு டவுனுக்குப் போவதா என்று தள்ளிப்போட்டவர்கள் உண்டு. தோட்டம் இருக்கிறது, லயத்து வீடு இருக்கிறது, காகிதம் எதற்கு என்று நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தோட்டமே நிலைக்கவில்லை. ஐம்பதுகளில் பெரிய தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. வேலையோடு வீடும் போயிற்று. இடம் மாறும் அவசரத்தில் எத்தனை பிறப்புப் பத்திரங்கள் தொலைந்தனவோ! சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குவதற்காகத்தான். அதன் பங்குத் தாள் உங்கள் பெட்டியிலும் இருக்கலாம்.

பிறகு 1969 வந்தது. முந்திய ஆண்டின் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றார்கள். சிவப்பு கார்டுக்காரர்கள் திகைத்து நின்றார்கள். இந்த மண்ணிலேயே பால் வெட்டி முதுமை அடைந்தவர்கள் உட்படப் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். சில குடும்பங்கள் துறைமுகத்திலேயே இரண்டாகப் பிரிந்தன.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. பத்திரமில்லாத இந்தியர்களைப் பதிவு செய்வதற்கென்றே 2011இல் 'மைடஃப்தார்' இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. பேரப்பிள்ளை மனுச் செய்யும்போது, தாத்தா எங்கே பிறந்தார் என்ற கேள்வி வரும்.

ஆகையால் பெட்டியைப் பகல் வெளிச்சத்தில் திறந்து, தாள்களை ஒரு வேட்டியின்மேல் பரப்புங்கள். கரண்ட் பில், பழைய காலண்டர், கடைச் சீட்டு போகட்டும். பிறப்பு, திருமண, இறப்புப் பத்திரங்கள், பழைய கார்டு, பள்ளிச் சான்று, சேமநிதித் தாள், தோட்டத்துச் சம்பளச் சீட்டு இவையெல்லாம் இருக்கட்டும். ஒட்டிக்கொண்ட மடிப்பைப் பலவந்தமாகப் பிரிக்க வேண்டாம். பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, எது யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று கேட்டுத் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காலியான முறுக்கு டின் ஒன்றைக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, எல்லாவற்றையும் அதிலே வையுங்கள்.