ஏட்டில் வந்த கிரேக்கமும் மண்ணில் வந்த கிரேக்கமும்: ஐரோப்பியக் கல்லறைக் கலையில் இரண்டு வருகைகள்

பாரிஸின் பெர் லாஷேஸ், லண்டனின் கென்சல் கிரீன், ஏதென்ஸின் முதல் கல்லறைத் தோட்டம் ஆகிய மூன்றிலும் உள்ள நினைவுச் சின்னங்கள் பலவற்றைக் கலை வரலாற்று நூல்கள் ‘கிரேக்க மரபு’ என்ற ஒரே தலைப்பில் சேர்க்கின்றன. தலைகீழாகப் பிடித்த தீப்பந்தம், துணி போர்த்திய தாழி, முறிந்த தூண், குட்டிக் கோயில் போன்ற சமாதி, உட்கார்ந்த பெண்ணின் புடைப்புச் சிற்பம் எல்லாமே அதில் அடங்கிவிடுகின்றன. இந்த வகைப்பாடு தளர்வானது என்பது என் கருத்து. கிரேக்கம் ஐரோப்பியக் கல்லறைக்கு இரண்டு முறை வந்தது. 18ஆம் நூற்றாண்டில் நூல்கள் வழியாகவும் ரோமானியச் சலவைக்கற்கள் வழியாகவும் வந்தது முதல் வருகை. 1863க்குப் பிறகு ஏதென்ஸின் மண்ணுக்குள்ளிருந்து வந்தது இரண்டாவது. முதலாவது சின்னங்களைத் தந்தது. இரண்டாவது மனிதர்களைத் தந்தது.

மூலத்திலிருந்து தொடங்கலாம். ஏதென்ஸின் டிபிலோன் வாயிலுக்கு வெளியே, சாலையின் இருபுறமும் இருந்த இடுகாடு கெரமெய்க்கோஸ். அங்கே கல்லறைச் சிற்பம் தொடர்ச்சியாகச் செய்யப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 430 வரை, அதாவது பார்த்தெனோன் எழும்பிய காலம் முழுவதும், செதுக்கிய கல்லறைக் கற்கள் அந்நகரில் அநேகமாக இல்லை. பத்துப் பேர் மூன்று நாளில் முடிக்கக்கூடிய வேலைக்கு மேற்பட்ட கல்லறை கட்டக் கூடாது என்றொரு பழைய சட்டத்தை ரோமானிய எழுத்தாளர் சிசரோ குறிப்பிடுகிறார். இடைவெளிக்கு அதுவே காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பெலோப்பொனேசியப் போர் தொடங்கும் காலத்தில் கற்கள் மீண்டும் தோன்றின. அடுத்த நூறாண்டில் வசதியுள்ள குடும்பங்கள் சாலையோரம் சுவர் எழுப்பி, மேடை கட்டி, வழிப்போக்கர் பார்க்கும்படி அதன் மேல் சிற்பங்களை நிறுத்தின.

அவற்றில் கி.மு. 400ஐ ஒட்டிய ஹெகெசோவின் பலகைக்கல் பெயர்பெற்றது. நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். எதிரே நிற்கும் பணிப்பெண் ஒரு பேழையை நீட்டுகிறாள். ஹெகெசோ அதிலிருந்து ஒரு நகையை எடுத்துப் பார்க்கிறாள். அந்த நகை வண்ணத்தால் தீட்டப்பட்டிருந்தது. வண்ணம் அழிந்துபோனதால் இன்று விரல்கள் மட்டும் எதையோ பற்றியிருக்கின்றன. சாவின் அடையாளம் என்று கல்லில் ஏதும் இல்லை. தெய்வமில்லை, மறுமை பற்றிய வாக்குறுதியும் இல்லை. இக்காலக் கற்களில் அடிக்கடி வரும் இன்னொரு காட்சி கைப்பிடிப்பு: ஒருவர் அமர்ந்திருக்க, இன்னொருவர் நின்றபடி அவருடைய வலக்கையைப் பற்றியிருப்பார். இருவரில் இறந்தவர் யார் என்பதைப் பல கற்களில் உறுதியாகச் சொல்ல முடியாது. விடைகொடுப்பதா, மறுமையில் சந்திப்பதா, குடும்ப ஒற்றுமையின் குறியா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

கி.மு. 317 முதல் 307 வரை ஏதென்ஸை ஆண்ட ஃபலேரோனின் தெமெத்ரியோஸ் இந்த மரபை ஒரே சட்டத்தில் நிறுத்தினார். மூன்று முழத்துக்கு மேற்படாத சிறு தூண், கல்மேசை, கல்தொட்டி ஆகியவற்றைத் தவிரக் கல்லறை மேல் வேறெதுவும் கூடாது என்றது அது. ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்த வந்த சட்டம், உலகச் சிற்பக் கலையின் நுட்பமான ஒரு பிரிவையே முடித்துவைத்தது. பிறகு அந்தக் கற்களில் பெரும்பாலானவை மண்ணுக்கடியில் போயின.

முதல் வருகையின் விசித்திரம் இங்கேதான் தொடங்குகிறது. கிரேக்கரைப் பின்பற்றுவதே கலைக்கு வழி என்று 1755இல் எழுதி ஐரோப்பாவைத் திருப்பிய வின்கெல்மன் கிரேக்கத்துக்குப் போனதே இல்லை. 1769இல் ‘பண்டையோர் சாவை எவ்வாறு உருவகித்தனர்’ என்ற சிறு நூலை வெளியிட்ட லெஸ்ஸிங்கும் போனதில்லை. லெஸ்ஸிங்கின் வாதம் எளியது. இடைக்கால ஐரோப்பா சாவை எலும்புக்கூடாகக் காட்டியது. பண்டையோர் அப்படிக் காட்டவில்லை. ஹோமரின் இலியத்தில் சர்ப்பெதோனின் உடலைச் சுமந்து செல்லும் உறக்கமும் சாவும் இரட்டைச் சகோதரர்கள். எனவே பண்டையோருக்குச் சாவு என்பது உறக்கத்தைப் போன்ற ஓர் அழகிய இளைஞன், அணைந்துபோகும் தீப்பந்தத்தைத் தலைகீழாகப் பிடித்து நிற்பவன்.

வாதம் அழகானது, சான்றுகள் பெரும்பாலும் ரோமானியக் கல்பேழைகள். தீப்பந்தம் கவிழ்த்து நிற்கும் சிறகுள்ள இளைஞன் ரோமானியப் பேரரசுக் காலத்துச் செதுக்குகளில் மிகுதியாக உண்டு. ஏதென்ஸின் வெண்பூச்சுக் குடுவைகளில் வரும் சாவோ பெரும்பாலும் தாடி வைத்த, சிறகுள்ள, முரட்டு ஆண். பிணத்தைத் தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்குகிறான். கையில் தீப்பந்தம் இல்லை. ஐரோப்பா கிரேக்கம் என்று நம்பி ஏற்றுக்கொண்ட மரணச் சின்னங்களில் மிகப் பரவலானது, பார்த்தால், ரோமானியருடையது.

இதனால் அதன் ஆற்றல் குறைந்துவிடவில்லை. 1787இல் எட்டு வயதில் இறந்த மார்க் பிரபு அலெக்சாண்டருக்கு பெர்லினில் சிற்பி ஷாடோ செய்த நினைவுச் சின்னத்தில் சிறுவன் உறங்குவது போலவே கிடக்கிறான். 1792இல் ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் சிற்பி கனோவா முடித்த போப் பதின்மூன்றாம் கிளெமென்ட்டின் சமாதியில், கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமைக் கோயிலுக்குள்ளேயே, தீப்பந்தம் கவிழ்த்த இளைஞன் சாய்ந்திருக்கிறான். வெனிஸ் பகுதியில் வளர்ந்த கனோவா உண்மையான கிரேக்கப் பலகைக்கற்களையும் அறிந்திருக்கக்கூடும். அந்நகரின் சேகரிப்புகளில் அத்தகையவை சில இருந்தன. 1807இல் அவர் முடித்த செதுக்குக் கலைஞர் வோல்பாத்தோவின் நினைவுக்கல் வடிவில் கிரேக்கப் பலகையேதான். ஆனால் அதில் அமர்ந்து அழுபவள் வோல்பாத்தோவின் வீட்டுப் பெண் அல்லள், ‘நட்பு’ என்ற உருவகம். பலகை வந்துவிட்டது, குடும்பம் இன்னும் வரவில்லை.

கட்டடங்களுக்கு மாதிரி தந்தது ஸ்டூவர்ட்டும் ரெவெட்டும் நேரில் அளந்து 1762இல் வெளியிட்ட ‘ஏதென்ஸின் தொல்சின்னங்கள்’ முதல் தொகுதி. அதில் இருந்த லிசிக்ராத்தெஸ் சின்னம், கி.மு. 335–334இல் ஒரு பாடற்குழுப் போட்டியில் பெற்ற வெற்றியைக் கொண்டாட எழுப்பியது. எடின்பரோவின் கால்டன் குன்றில் மெய்யியலாளர் டூகல்ட் ஸ்டூவர்ட்டுக்கு 1831இல் பிளேஃபேர் கட்டிய நினைவு மண்டபம் அதன் சாயலே. பரிசுக் கோப்பைக்குப் பீடமாக இருந்தது, இறந்தவரின் நினைவாக மாறிவிட்டது.

சிந்தனை மட்டும் இருந்தால் இதெல்லாம் அரண்மனைக்கும் பேராலயத்துக்கும் உள்ளேயே நின்றிருக்கும். பொது மக்களின் கல்லறைக்கு அதைக் கொண்டுபோனது சுகாதாரச் சட்டம். பல நூற்றாண்டுகளாகப் பிணங்கள் அடுக்கப்பட்ட பாரிஸின் இன்னோசென்ட் இடுகாடு 1780இல் மூடப்பட்டது. எலும்புகள் 1786 முதல் நகரத்துக்கு அடியிலிருந்த கற்சுரங்கங்களுக்கு மாற்றப்பட்டன. 1804 ஜூன் 12ஆம் நாளின் ஆணை நகருக்குள்ளும் கோயிலுக்குள்ளும் புதைப்பதைத் தடைசெய்தது; ஒவ்வோர் உடலுக்கும் தனிக்குழி என்றது; குடும்பங்கள் நிலம் வாங்கி நினைவுச் சின்னம் எழுப்பலாம் என்றது. அதே ஆண்டு மே மாதம், பிரோன்யார் திட்டமிட்ட பெர் லாஷேஸ் திறக்கப்பட்டிருந்தது.

நகருக்கு வெளியே, பாதையோரமாக, குடும்பத்துக்குச் சொந்தமான துண்டு நிலம்: சட்டம் தன்னையறியாமல் கெரமெய்க்கோஸின் ஏற்பாட்டையே மறுபடி உண்டாக்கிவிட்டது. அந்த நிலத்தை வாங்கிய வணிகருக்கும் வழக்கறிஞருக்கும் பிரபுக்களைப் போலக் குலச்சின்னம் கிடையாது. புரட்சிக்குப் பிந்திய பிரான்ஸில் எல்லாரும் சிலுவையை விரும்பவும் இல்லை. தாழியும் தீப்பந்தமும் தூணும் எந்தச் சமயத்தாரையும் சங்கடப்படுத்தாதவை. கல்தச்சனுக்கு மாதிரிப் படப் புத்தகத்தில் தயாராகக் கிடைத்தவை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தாழி, எரித்த சாம்பலை இடும் கலம். பெர் லாஷேஸில் எரிமேடை செயல்படத் தொடங்கியது 1889இல்தான். அதுவரை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, புதைத்த உடல்களின் மேல் வெறும் கல்தாழிகள் காவல் நின்றன.

லண்டனில் இது வெளிப்படையான சண்டையாகவே நடந்தது. 1833இல் திறந்த கென்சல் கிரீனுக்கான போட்டியில் கெண்டலின் கோதிக் வடிவம் பரிசு பெற்றது. நிறுவனத் தலைவர் ஜான் டீன் பால் கிரேக்கத்தின் பக்கம் நின்றார்; பரிசு பெற்ற வடிவம் கைவிடப்பட்டு, ஜான் கிரிஃபித் வரைந்த கிரேக்கக் கட்டடங்கள் எழுந்தன. ஆங்கிலிக்கச் சிற்றாலயத்துக்கு டோரிக் தூண்கள், மற்றப் பிரிவினரின் சிற்றாலயத்துக்கு அயோனிக் தூண்கள். கிறித்தவர்களைப் புதைக்கும் இடத்தில் புறச்சமயச் சின்னங்களா என்று கட்டடக் கலைஞர் பியூஜின் கொதித்தார். நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக் கல்லறைகளில் சிலுவையும் கோதிக் கூர்வளைவும் பெருமளவு திரும்பி வந்ததில் அவருடைய தரப்புக்குப் பெரும் பங்குண்டு.

முதல் வருகையின் அலை தமிழகத்தையும் தொட்டது. 1798இல் தஞ்சாவூரில் மறைந்த பாதிரியார் ஷ்வார்ட்ஸுக்கு இரண்டாம் சரபோஜி மன்னர் லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சிற்பம் செய்யச் சொல்லித் தருவித்தார். ஹோமரின் காப்பியங்களுக்கு வரைந்த கோட்டோவியங்களால் ஐரோப்பா முழுதும் பெயர் பெற்றிருந்தவர் ஃபிளாக்ஸ்மன். தஞ்சை ஷ்வார்ட்ஸ் தேவாலயத்திலுள்ள அந்தச் சலவைக்கல்லில், படுக்கையிலிருக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பற்றியிருக்கிறார். சாவதற்கு முன் நடந்த சந்திப்பைத்தான் சிற்பி காட்டுகிறார். ஆனாலும் உருவகப் பெண்களை ஒதுக்கி, உண்மையான இரு மனிதரின் கைப்பிடிப்பை நடுவில் வைத்த விதத்தில், இது அக்காலத்து ஐரோப்பியச் சின்னங்கள் பலவற்றைவிட ஏதென்ஸ் பலகைக்கற்களுக்கு நெருக்கமானது என்பேன்.

இரண்டாவது வருகைக்கு வருவோம். 1863இல் கெரமெய்க்கோஸ் பகுதியில் தெக்சிலெயோஸின் கல் வெளிப்பட்டது. குதிரை மேலிருந்து எதிரியை வீழ்த்தும் இளைஞன், கி.மு. 394இல் கொரிந்தியப் போரில் இருபது வயதில் இறந்தவன். பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கல்வெட்டே தருகிறது. ஏதென்ஸின் கல்லறைக் கற்களில் இது அரிது. 1870இல் ஹெகெசோ வெளிவந்தாள். கிரேக்கத் தொல்லியல் கழகம் தொடர்ந்து தோண்டியது. 1913இல் பணி ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்திடம் சென்றது. சாந்து அச்சுகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கும் கலைப்பள்ளிகளுக்கும் பரவின. அலெக்சாண்டர் கொன்ஸே 1893 முதல் 1922 வரை வெளிவந்த தொகுதிகளில் ஏதென்ஸ் வட்டாரமான அத்திக்காவின் கல்லறைப் புடைப்புகளை வரிசைப்படுத்தினார். உச்சியில் பனையோலை விசிறி போன்ற அணியும், கீழே அமர்ந்த பெண்ணும், அடக்கமான விடைபெறலும் கொண்ட பலகைகள் 1900ஐ ஒட்டி ஜெர்மன் கல்லறைத் தோட்டங்களில் காணப்படுவது இந்தப் பின்னணியில்தான்.

ஏதென்ஸ் நகரத்தின் நிலைமை இன்னும் சிக்கலானது. பவேரிய இளவரசர் ஒத்தோ மன்னரான பிறகு 1837இல் அமைந்தது முதல் கல்லறைத் தோட்டம். அதன் சிற்பிகளில் பலர் மியூனிக்கில் பயின்றவர்கள். தீனோஸ் தீவின் சலவைக்கல் தச்சர் குடும்பத்தில் பிறந்து மியூனிக் சென்று வந்த ஹலெபாஸ், இளம் வயதில் இறந்த சோஃபியா அஃபெந்தாகிக்கு 1878இல் முடித்த ‘உறங்கும் பெண்’ அந்நகரத்தார் எல்லாரும் அறிந்த சிலை. மெத்தையில் தலை சாய்த்து, மார்பில் சிலுவையைப் பிடித்துத் தூங்குகிறாள். உறக்கமே சாவு என்பது லெஸ்ஸிங்கின் கருத்து. சிலுவை கிழக்குத் திருச்சபையினுடையது. கல் கிரேக்க மரபுத் தச்சனின் கையில் உருவானது. அருகிலேயே, 1890இல் இறந்த ஷ்லீமனுக்கு ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ட்சில்லர் கட்டிய டோரிக் கோயில் நிற்கிறது. டிராயைத் தோண்டியவரின் அகழ்வுக் காட்சிகளே அதில் புடைப்புப் பட்டையாக ஓடுகின்றன. கிரேக்க வடிவத்தை ஏதென்ஸ் தன் முன்னோரிடமிருந்து நேராகப் பெறவில்லை. ஜெர்மனி சுற்றித்தான் அது வீடு வந்து சேர்ந்தது.

முதல் உலகப் போர் இந்த வரலாற்றை எதிர்பாராத இடத்துக்குத் தள்ளியது. பிரிட்டிஷ் போர்க் கல்லறைகள் எப்படி இருக்க வேண்டும் என்று 1918இல் அறிக்கை தந்த ஃபிரெடெரிக் கென்யன், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயக்குநர். அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ‘ஏதேனியரின் அரசியலமைப்பு’ நூலைப் பாப்பிரஸிலிருந்து 1891இல் பதிப்பித்த கிரேக்க அறிஞர். பதவி வேறுபாடின்றி எல்லாருக்கும் ஒரே அளவுக் கல் என்ற கொள்கையை அவர் அறிக்கை உறுதிசெய்தது: 2 அடி 8 அங்குல உயரம், 1 அடி 3 அங்குல அகலம். ஏதென்ஸின் போர்ச் சாவுப் பட்டியல்களும் தந்தை பெயரோ ஊர்ப் பெயரோ இல்லாமல் குலவாரியாக வெறும் பெயர்களையே அடுக்கியவை. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் வாதிடவில்லை. பிரிட்டனின் தீர்மானத்துக்குப் போர்க்கால அரசியலே போதிய காரணம். கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் விஷயத்தில் அப்படிச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அவருடைய நினைவுக் கல்லிலும் லண்டன் செனோடாஃபிலும் நேர்கோடு போலத் தோன்றுவதெல்லாம் மெல்லிய வளைவு. பார்த்தெனோனில் கற்ற நுட்பம். உடல் கிடைக்காத வீரர்களுக்காக ஏதேனியர் ஒரு வெற்றுப் பாடையையும் ஊர்வலத்தில் சுமந்ததைப் பண்டைய வரலாற்றாசிரியர் துசிதிதெஸ் எழுதியிருக்கிறார். 1920இல் கல்லில் திறந்துவைக்கப்பட்ட லண்டனின் வெற்றுச் சமாதி செய்ததும் அதே வேலை.

ஐரோப்பாவின் முக்கியக் கல்லறைத் தோட்டங்களுக்கென 2001இல் பொலோஞாவில் ஒரு சங்கம் உருவானது. 2010இல் ஐரோப்பிய மன்றம் கல்லறைத் தோட்டப் பாதையைப் பண்பாட்டுப் பாதையாக அங்கீகரித்தது. பாதுகாப்புப் பணி வளர்வது நல்லதே. ஆனால் விவரப் பட்டியல்களில் ‘கிரேக்கப் பாணி’ என்ற ஒற்றைச் சொல் இனிப் போதாது. கவிழ்ந்த தீப்பந்தமும் தாழியும் ரோமின் வழியாக வந்தவை. குட்டிக் கோயில்களில் பல ஸ்டூவர்ட்–ரெவெட் ஏடுகளின் வழியாக வந்தவை. கைப்பிடிப்பும் அமர்ந்த பெண்ணும் பலகைக்கல்லில் ஒருசேர வந்தால், அந்தக் கல் 1863க்கு முந்தியதா பிந்தியதா என்று முதலில் பார்க்க வேண்டும். முந்தியதாக இருந்தால், அதன் சிற்பி எந்தச் சேகரிப்பைப் பார்த்தார் என்ற கேள்விக்கும் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.