பரம்பரையும் வரலாறும்: பீமா மக்களிடையே கர்ப்பகால நீரிழிவு

நோய் உடலிலே தோன்றுவதால் அதன் காரணமும் உடலினுள்ளேயே அடங்கியுள்ளது என்ற கருத்து மருத்துவ வரலாற்றில் ஆழ வேரூன்றியதொன்றாகும். இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிலா ஆற்றங்கரையில் வாழும் பீமா மக்களின் வரலாறு தக்கதோர் உரைகல்லாக அமைகின்றது.

தம்மை 'ஆற்று மக்கள்' என அழைத்துக்கொள்ளும் இவர்கள், வாய்க்கால் வெட்டிப் பயிர்செய்த உழவர். 1849 இல் கலிபோர்னியாவிற்குப் பொன் தேடிச் சென்றோர் இவர்களது கோதுமையை வாங்கியே பாலையைக் கடந்தனர். ஆனால், 1860களின் பிற்பகுதி தொடக்கம் ஆற்றின் மேற்பகுதியிற் குடியேறியோர் நீரைத் தம் நிலங்களுக்குத் திருப்பினர். நூற்றாண்டு முடிவதற்குள் வயல்கள் வறண்டன, பஞ்சம் பரவியது. 1930 இல் திறக்கப்பட்ட கூலிட்ஜ் அணையும் இழந்த நீரை மீட்டுத் தரவில்லை. உற்பத்திச் சாதனத்தை இழந்த உழவர், கூலியையும் அரசு வழங்கிய மா, சீனி, கொழுப்பு ஆகியவற்றையும் நம்பி வாழலாயினர்.

1940 இல் எலியட் ஜொஸ்லின் அரிசோனாவில் ஆராய்ந்தபோது, அங்குள்ள தொல்குடியினரிடையே நீரிழிவு ஏனையோரிடையே காணப்பட்டதைவிட மிகுந்திருக்கவில்லை. 1971 இல் வெளியான ஆய்வோ, 35 வயதும் அதற்கு மேற்பட்டோருமான பீமா மக்களில் அரைவாசிப்பேர் நீரிழிவாளர் எனக் காட்டியது. இடைப்பட்ட காலத்தில், 1962 இல், ஜேம்ஸ் நீல் 'சிக்கனப் பரம்பரையலகு' என்னும் கருதுகோளை முன்வைத்தார். பஞ்சகாலத்தில் உயிர்காத்த பரம்பரையலகே வளமான காலத்தில் நோயாகின்றது என்பது அதன் சாரம். பீமா மக்கள் அதற்கு எடுத்துக்காட்டாயினர். ஆனால், முப்பது ஆண்டுகளில் ஓர் இனத்தின் பரம்பரையலகுகள் மாறிவிடுவதில்லை, மாறியது வாழ்க்கையே. 2006 இல் வெளியான ஒப்பாய்வு இதனை வலியுறுத்துகின்றது: மெக்சிக்கோவில் மலைநிலத்தில் உழுது வாழும் பீமா மக்களிடையே நீரிழிவு 6.9 வீதம், அரிசோனாவிலோ 38 வீதம்.

கர்ப்பகாலம் பற்றிய ஆய்வுகள் இவ்வுண்மையை மேலும் ஆழப்படுத்தின. 1988 இல் வெளியான முடிவுகளின்படி, 20 முதல் 24 வயதிற்குட்பட்ட பீமா இளைஞருள், தாய் கர்ப்பகாலத்தில் நீரிழிவுற்றிருந்தோரில் 45 வீதத்தினர் நீரிழிவாளர். தாய் பிற்காலத்தில் நோயுற்றோரில் 8.6 வீதம், நோயே அடையாத தாயரின் பிள்ளைகளில் 1.4 வீதம். 2000 ஆம் ஆண்டில் உடன்பிறந்தோர் ஒப்பிடப்பட்டனர். தாய் நோயுற்றபின் பிறந்த பிள்ளைக்கு ஆபத்து அதிகம்; தந்தை நோயுற்றதோ அத்தகைய வேறுபாட்டை விளைவிக்கவில்லை. எனவே, பரம்பரையலகு மட்டுமே காரணம் என்னும் வாதம் நிலைபெறாது. தாயின் குருதியில் மிகுந்த குளுக்கோசு சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவை அடைகின்றது. சிசுவின் சதையி அதற்கேற்ப இன்சுலினை மிகுதியாகச் சுரக்கின்றது. அவ்வாறு பிறந்த பெண்மகவு வளர்ந்து, தானும் கருவுறும்போது நீரிழிவுறும் வாய்ப்பு மிகுகின்றது. இங்ஙனம் நோய் தலைமுறை கடக்கின்றது.

பரம்பரையலகின் வரிசை மாறாது அதன் இயக்கம் மட்டும் மாறுவதை ஆராயும் துறை எபிஜெனெற்றிக்ஸ் ஆகும். 1942 இல் வாடிங்ரன் ஆக்கிய இச்சொல் இன்று டீ.என்.ஏ. மீது படியும் மெதைல் அடையாளங்கள் முதலியவற்றைக் குறிக்கின்றது. ஜேர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்திலே நிகழ்ந்த பஞ்சத்தின்போது கருவில் இருந்தோரிடம், ஆறு தசாப்தங்களின் பின்னும் அவ்வடையாள வேறுபாடுகள் காணப்பட்டதை 2008 ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. பீமா சிசுக்களின் நிலையை இப்பொறிமுறை முழுமையாக விளக்கிவிட்டது எனல் அவசரமாகும். ஆயினும், சமூக அனுபவம் உடலிற் பதியக்கூடும் என்பது வெறும் உருவகமன்று.

பரம்பரையலகை அறவே மறுத்த லைசென்கோவின் தவற்றுக்கு நாம் திரும்பவேண்டியதில்லை. 2012 இல் கொரியப் பெண்களிடையே நடத்தப்பட்ட ஆய்வு, இரு பரம்பரையலகுப் பகுதிகளைக் கர்ப்பகால நீரிழிவுடன் தொடர்புறுத்தியுள்ளது. ஆனால், முன்னர் இனத்தின் குருதிமீது சுமத்தப்பட்ட பழி இன்று தாயின் கருப்பைமீது சுமத்தப்படுமாயின், அது முன்னேற்றமாகாது. கருப்பையும் சமூகத்தினுள்ளேயே உள்ளது. 1965 தொடக்கம் பீமா மக்களின் குருதி ஆராயப்பட்டு வந்தது; அவர்களது நீருரிமைக்குத் தீர்வு வழங்கும் சட்டமோ 2004 இலேயே நிறைவேறியது. நோயின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு ஆண்டுகளையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.