சாம்மி பா: ஒரே ஆள், மூன்று வேலை

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்றால் பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர். பந்து எதிரணியிடம் போனதும் இன்று இவர் வெளியே போய் உட்கார்ந்துவிடுவார். தடுப்பதற்கென்றே வேறு ஆட்கள் இறங்குவார்கள்.

1937 முதல் 1952 வரை வாஷிங்டன் அணிக்கு ஆடிய சாம்மி பாவுக்கு அந்த வசதி இல்லை. வீசுவார், தடுப்பார், 'பன்ட்' என்ற நீண்ட உதையும் உதைப்பார். 1943-ல் பந்து வீச்சு, எதிரணி வீசிய பந்தைப் பறிப்பது, பன்ட் ஆகிய மூன்றிலும் லீக்கில் முதலிடம்! டெட்ராய்ட்டுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 4 டச்டவுன் வீசி, 4 பந்துகளையும் பறித்தார்.

உலகப் போரால் ஆட்டக்காரர்கள் குறைந்திருந்த வருடம் அது என்பதையும் மறக்கக் கூடாது. லீக்கில் கறுப்பின வீரர்களுக்கும் அப்போது இடமில்லை.

இதற்கு விலையும் இருந்தது. அதே வருட இறுதியாட்டத்தில் சிகாகோவின் சிட் லக்மேனைத் தடுக்கப் போய்த் தலையில் அடிபட்டது. ஆட்டத்தின் ஒரு பகுதி அவர் வெளியே. வாஷிங்டன் 41-21 என்று தோற்றது. வீசுவது மட்டுமே வேலையாக இருந்திருந்தால் அந்த அடி பட்டிருக்காது.

1950-ல் ஆட்களை இஷ்டம்போல மாற்றலாம் என்ற விதி நிலைத்தது. ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள் வந்தார்கள். 1940-ல் பா வைத்த பன்ட் சராசரி 51.4 கெஜம். அதை 2022-ல் முறியடித்த ரயன் ஸ்டோன்ஹவுஸ் பன்ட் உதைப்பதற்கென்றே இருந்தவர். பா அதைப் பகுதி நேர வேலையாகத்தான் செய்தார்!